அடிபம்பு திறந்த மறுநாள்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் கெம்ப்ட்வில் என்றொரு சிற்றூர். 1998-இல் அங்கே முதல் வகுப்பில் படித்த ரயன் ஹ்ரெல்ஜாக் என்ற ஆறு வயதுச் சிறுவன், ஆப்பிரிக்காவில் தன் வயதுப் பிள்ளைகள் தண்ணீருக்காக வெகுதூரம் நடக்கிறார்கள் என்று ஆசிரியை சொல்லக் கேட்டான். வீட்டு வேலைகள் செய்து 70 டாலர் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தான். அந்தத் தொகை பம்புக்குத்தான் காணும், கிணறு தோண்ட 2,000 டாலர் ஆகும் என்றார்கள். அப்படியானால் இன்னும் வேலை செய்கிறேன் என்றான். 1999 தொடக்கத்தில் வட உகாண்டாவின் அங்கோலோ தொடக்கப்பள்ளி அருகே ஆழ்துளைக் கிணறு போடப்பட்டது. 2000-ஆம் ஆண்டு ஜூலையில் பெற்றோருடன் அவன் அங்கே போனபோது, பிள்ளைகள் வழியில் திரண்டு நின்று கைதட்டி வரவேற்றார்கள். மறு ஆண்டு அவன் பெயரில் ஓர் அறக்கட்டளையே தொடங்கியது.

கிணறு கொடுத்தவர் கிராமத்துக்கே போய் அதைத் திறந்துவைக்கும் பயணங்களில் உலகம் நன்கறிந்தது இது. இதைப்போன்றவை ஆயிரக்கணக்கில் நடந்திருக்கின்றன, இன்றும் நடக்கின்றன. அமெரிக்கத் தேவாலயங்கள், ரோட்டரி சங்கங்கள், துருக்கி, வளைகுடா நாடுகளின் இஸ்லாமிய அறநிலையங்கள், பள்ளி மாணவர்கள், தாய் தந்தை நினைவாகக் கொடுக்கும் தனிமனிதர்கள் என்று கொடுப்பவர்கள் பலவகை. இந்தப் பயணங்களால் கிராமத்துக்கு என்ன கிடைக்கிறது, விழா முடிந்த மறுநாளிலிருந்து அந்தப் பம்பு யாருடைய பொறுப்பு என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

விழா நாட்டுக்கு நாடு சற்று மாறும். கிழக்கு ஆப்பிரிக்காவில் வண்டி ஊருக்குள் நுழையும்போதே பெண்கள் குலவையிடுகிறார்கள். நம் தென் மாவட்டங்களில் முளைப்பாரி எடுக்கும்போது கேட்கும் அதே குலவை அங்கேயும் மகிழ்ச்சியின் ஒலி. கானாவில் மூத்தவர் ஒருவர் முன்னோரை அழைத்துத் தரையில் மது வார்ப்பார். முஸ்லிம் ஊரானால் துவா, கிறித்தவ ஊரானால் போதகரின் ஜெபம். ஊர்த் தலைவர் பேசுவார், மாவட்டத் தண்ணீர் அதிகாரி பேசுவார், தேர்தல் நெருங்கியிருந்தால் நாடாளுமன்ற உறுப்பினரும் வருவார். நாடா வெட்டுவார்கள். வந்தவர் கைப்பிடியை அழுத்துவார், தண்ணீர் கொட்டும். ஊர்த் தண்ணீர்க் குழுவின் தலைவியிடம் ஸ்பானர் அடங்கிய கருவிப்பெட்டியை ஒப்படைப்பார்கள். விருந்தினருக்குச் சேவலோ ஆடோ பரிசாகக் கிடைக்கும். அந்த ஊருக்கு அது சிறிய பரிசல்ல. இருட்டுவதற்குள் வண்டி நகரம் திரும்பிவிடும்.

இதையெல்லாம் வெறும் காட்சி என்று ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 20 லிட்டர் பிடிக்கும் மஞ்சள் கேன் நிரம்பினால் 20 கிலோ. அதைத் தலையிலோ முதுகிலோ சுமந்து ஒரு பெண் நாளுக்கு இரண்டு மூன்று நடை நடப்பாள். சகாராவுக்குத் தெற்கே 24 நாடுகளின் தகவல்களைக் கொண்டு 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, போகவர அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும் வீடுகளில் மட்டும் ஏறத்தாழ 1 கோடியே 35 லட்சம் பெண்களும் 33 லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளும் தண்ணீர் சுமக்கும் பொறுப்பில் இருப்பதாகக் கணக்கிட்டது. அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் சிறுமிகள். அப்படி நடந்தவள் தன் வீட்டுக்கு அருகே தண்ணீர் கொட்டுவதைப் பார்த்து ஆடுகிறாள் என்றால், அந்த ஆட்டத்தில் பொய் எதுவும் இல்லை.

நல்ல தண்ணீர் ஒரு நோயையே விரட்டிய வரலாறும் உண்டு. நம் முன்னோர் நரம்புச் சிலந்தி என்று அழைத்த கினிப் புழு நோய், குட்டைத் தண்ணீரில் வாழும் மிகச் சிறிய நீர்த்தெள்ளுகள் வழியே உடலுக்குள் புகுவது. ஓராண்டு கழித்துக் காலைத் துளைத்துக்கொண்டு ஒரு மீட்டர்வரை நீளமுள்ள புழு வெளியே வரும். 1986-இல் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் ஏறத்தாழ 35 லட்சம் பேரை அது வருத்தியது. அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1988-இல் கானாவின் டென்ச்சிரா கிராமத்துக்குப் போய் அந்த நோயாளிகளை நேரில் பார்த்தார். அதன்பின் வாழ்நாள் முழுவதும் அந்த நோயை ஒழிக்கும் வேலையை விடவில்லை. தண்ணீரை வடிகட்டும் துணி, மக்களுக்குப் போதனை, குட்டைக்கு மருந்து, பாதுகாப்பான கிணறு எல்லாம் சேர்ந்து 2023-இல் உலகம் முழுவதிலும் மனிதரிடையே 14 நோயாளிகள் என்ற நிலைக்குக் கொண்டுவந்தன. கானா 2015-இல் நோயற்ற நாடென்று சான்று பெற்றது. ஆனால் அதே கானாவின் வடக்கே சவெலுகு என்ற ஊரில், 2006-இன் கடைசியில் தண்ணீர் வழங்கல் சீர்குலைந்தபோது மக்கள் குட்டைக்குத் திரும்ப நேர்ந்தது. சில மாதங்களுக்குள் நூற்றுக்கணக்கானோருக்குப் புழு வந்தது. கிணறு உயிரோடு இருக்கும்வரைதான் அதன் நன்மையும் உயிரோடு இருக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எத்தனை கிணறுகள் உயிரோடு இருக்கின்றன? கிராமத் தண்ணீர்த் துறையினரின் உலகளாவிய கூட்டமைப்பான ஊரக நீர் வழங்கல் வலையமைப்பு 2009-இல் திரட்டிய தகவலின்படி, சகாராவுக்குத் தெற்கே 20 நாடுகளில் போட்ட அடிபம்புகளில் 36 விழுக்காடு ஓடவில்லை. பத்தாண்டு கழித்து வந்த விரிவான மறுபார்வை நான்கில் ஒன்று என்றது. முன்னேற்றம்தான், ஆனால் ஏறக்குறைய 20 கோடிப் பேர் அடிபம்பை நம்பியிருக்கும் நிலப்பரப்பில் நான்கில் ஒன்று என்பது சிறிய எண் அல்ல. தான்சானியாவில் வாட்டர்எய்ட் என்ற தொண்டு நிறுவனம் 2009-இல் வெளியிட்ட கணக்கு இன்னும் கடுமையானது. அமைத்து இரண்டே ஆண்டான நீர்நிலையங்களிலேயே நான்கில் ஒன்று செயலற்றுக் கிடந்தது. அவற்றைத் திறந்தவர்களின் புகைப்படங்கள் அலுவலகச் சுவர்களில் நிறம் மங்கும் முன்பே பம்புகள் நின்றிருக்கின்றன.

இந்த எண்களும் நடப்பை முழுக்கச் சொல்வதில்லை. கணக்கெடுக்கப் போகிறவர் கைப்பிடியை அழுத்துவார். தண்ணீர் வந்தால் 'ஓடுகிறது' என்று எழுதிக்கொள்வார். நாற்பது முறை அழுத்தியபின் வந்ததா, கோடையில் வருமா, குடிக்கத் தகுந்ததா என்பது அந்தப் படிவத்தில் இருக்காது. பிரிட்டிஷ் நிலவியல் ஆய்வகத்தின் ஆய்வாளர்கள் எத்தியோப்பியா, உகாண்டா, மலாவி நாடுகளின் ஆய்வாளர்களோடு சேர்ந்து செய்த 'மறைந்திருக்கும் நெருக்கடி' என்ற ஆய்வில் பம்புகளைக் கழற்றி, உள்ளே இறக்கிய குழாய்களை மேலே எடுத்து, கிணற்றுக்குள் படக்கருவி இறக்கிப் பார்த்தார்கள். நீரின் அளவு, நம்பகம், தரம் என்று அளவுகோலைக் கூட்டக் கூட்ட, உண்மையில் 'ஓடும்' பம்புகளின் பங்கு படிப்படியாகக் குறைந்தது.

காரணம் நிலத்தடியில் தண்ணீர் இல்லாததா என்றால், பெரும்பாலும் இல்லை. 2012-இல் வெளியான ஆப்பிரிக்க நிலத்தடி நீர் வரைபடம், கண்டத்தின் அடியில் ஏறத்தாழ 6,60,000 கன கிலோமீட்டர் நீர் இருப்பதாக மதிப்பிட்டது. ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் நன்னீரைப்போல் நூறு மடங்குக்கும் மேல். அது சமமாகப் பரவிக் கிடக்கவில்லை. பெரும்பகுதி வட ஆப்பிரிக்கப் பாலைவனத்துக்கு அடியில் இருக்கிறது. மக்கள் நெருக்கமாக வாழும் பல பகுதிகள் கடினப் பாறை நிலம். பாறையின் விரிசல்களிலும் மேலே மக்கிய மண்ணிலும் ஊறுவதுதான் அங்கே தண்ணீர். ஒரு கிராமத்து அடிபம்புக்கு அது போதும். பெரும் பாசனத்துக்குப் போதாது. கென்யாவின் துர்கானாப் பகுதியில் லோட்டிகிப்பி என்ற பெரும் நிலத்தடி நீர்ப்படுகை கிடைத்ததாக 2013-இல் அறிவித்தார்கள். தோண்டிப் பார்த்தபோது நீர் உவர்ப்பாக இருந்தது. எனவே போர்வெல் போடுமுன் நிலத்தை அறிந்தவர் வந்து இடம் குறிப்பது அவசியம். நன்கொடையாளரின் பயண நாளுக்காக மழைக்காலத்தில் அவசரமாகத் தோண்டினால், நீர்மட்டம் மேலே இருக்கும் காலத்து ஆழத்தை வைத்துக் குழாய் இறக்கிவிட்டுப் போவார்கள். திறப்பு விழாவில் பொங்கும் அந்தக் கிணறு கோடையில் வற்றும். நம் ஊரில் போர்வெல் போட்டு ஏமாந்த எந்த விவசாயிக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது துரு. சற்றே அமிலத்தன்மை கொண்ட நிலத்தடி நீர், கார அமிலக் குறியீடு 6.5-க்குக் கீழே இருந்தால், துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயை அரித்துவிடும். குழாயில் ஓட்டை விழும். அதற்கு முன்பே நீர் செந்நிறமாகி வாயில் இரும்புச் சுவை தட்டும். துணி துவைத்தால் கறை படியும். பெண்கள் பழைய குட்டைக்கே திரும்பிப் போவார்கள். உலக வங்கிக்காக மேற்கு ஆப்பிரிக்காவில் செய்த ஆய்வுகள் இதை 1980-களிலேயே ஆவணப்படுத்திவிட்டன. துருப்பிடிக்காத எஃகோ தகுந்த பிளாஸ்டிக் குழாயோ போட்டால் தீரும் சிக்கல் இது. உகாண்டா அரசு புதிய கிணறுகளில் இரும்புக் குழாய் போடுவதை 2016-இல்தான் நிறுத்தியது. தெரிந்த உண்மை ஒன்று அரசாணையாக மாற முப்பது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. விலை மலிவான குழாய் போட்டால் அதே நன்கொடையில் கூடுதலாக ஒரு கிணற்றுக்குப் பெயர்ப்பலகை வைக்கலாம் என்ற கணக்குக்கும் அந்தத் தாமதத்தில் பங்குண்டு என்றே நினைக்கிறேன்.

இந்த வரலாற்றில் தமிழ்நாட்டுக்கு ஓர் இடம் இருக்கிறது. நம்மில் பலருக்கு அது தெரியாது.

1960-களின் கடைசியில் பீகார் வறட்சிக்குப் பிறகு யுனிசெஃப் இந்தியாவுக்குப் பாறை துளைக்கும் ரிக் வண்டிகளைக் கொண்டுவந்தது. தக்காணத்தின் கடினப் பாறையில் ஆயிரக்கணக்கில் கிணறுகள் விழுந்தன. மேலே பொருத்திய வார்ப்பிரும்புப் பம்புகளோ ஒரு வீட்டுக்கு மட்டும் பயன்பட வடிவமைத்தவை. ஊர் முழுக்க அடிப்பதை அவை தாங்கவில்லை. 1970-களின் நடுவில் தமிழ்நாட்டிலும் மகாராஷ்டிரத்திலும் கணக்கெடுத்தபோது நான்கில் மூன்று பங்கு பம்புகள் பழுதாகிக் கிடந்தன. இன்றைய ஆப்பிரிக்காவைவிட மோசமான நிலை அது. மகாராஷ்டிரத்தில் மிஷன் பணியாளர்கள் செய்துபார்த்திருந்த எஃகுப் பம்பை அடிப்படையாகக் கொண்டு, யுனிசெஃப் உதவியோடு சென்னையில் ரிச்சர்ட்சன் அண்ட் குரூடாஸ் என்ற பொதுத்துறை நிறுவனத்தில் புதிய பம்பு உருவானது. இந்தியா மார்க் 2 என்று பெயரிட்டார்கள். கோவை மாவட்டத்துக் கிராமங்களில் அதைச் சோதித்தார்கள். 1983-இல் கோவையில் தொடங்கிய இன்னொரு நீண்ட சோதனையிலிருந்து, குழாய்களை வெளியே எடுக்காமலே உள்ளிருக்கும் பிஸ்டனைக் கழற்றி வாஷர் மாற்றக்கூடிய மார்க் 3 வந்தது. இந்த வடிவமைப்புக்கு யாரும் உரிமை கொண்டாடவில்லை. எந்த நாடும் செய்துகொள்ளலாம். உகாண்டா, கானா, மாலி, சூடான் என்று அது பரவியது. உகாண்டாவில் யு2 என்று அழைக்கும் பம்பு மார்க் 2-இன் மாற்றுருவமே. கம்பாலாவிலிருந்து வடக்கே போகும் எவரும் நம் ஊர்த் தெருமுனையில் பார்த்துப் பழகிய அதே பம்பை அங்கே பார்க்கலாம். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளும் ஆப்பிரிக்காவுக்குப் போயிருக்கின்றன.

ஆனால் தமிழ்நாட்டில் பம்புகள் ஓடியதற்குப் பம்பு மட்டும் காரணமில்லை. அதே 1970-களில் இங்கே மூன்றடுக்குப் பராமரிப்பு முறை ஒன்று வந்தது. கிராமத்தில் பம்பைக் கவனித்து, நட்டை இறுக்கி, கிரீஸ் வைத்து, பழுதானால் தபாலில் தகவல் அனுப்ப ஒருவர். ஒன்றியத்தில் ஏறத்தாழ நூறு பம்புகளுக்கு ஒரு ஃபிட்டர். குழாய்களை மேலே இழுக்க வேண்டிய பெரிய பழுதுக்கு மாவட்டத்திலிருந்து கருவிகளோடு ஒரு வண்டி. ஊதியம் அரசு கொடுத்தது, உதிரிப் பொருளும் அரசு கொடுத்தது. குறைகள் இல்லாமல் இல்லை. வாரக்கணக்கில் ஃபிட்டர் வராத ஊர்கள் எத்தனையோ. ஆனாலும் பம்பு நின்றால் வந்து பார்க்க வேண்டியவர் இன்னார் என்று ஓர் ஆள் இருந்தார். ஆப்பிரிக்காவுக்கு இந்தப் பம்பு போனது. அந்த ஃபிட்டர் போகவில்லை. இந்தக் கட்டுரைக்காகப் படித்தவற்றுள் என்னை அதிகம் உறுத்துவது இதுதான்.

ஏன் போகவில்லை? ஆப்பிரிக்க அரசுகள் முயலாமல் இல்லை. தான்சானியாவில் ஜூலியஸ் நைரேரே 1971-இல் இருபதாண்டுத் திட்டம் ஒன்றை அறிவித்தார். 1991-க்குள் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் 400 மீட்டருக்குள் இலவசமாகத் தண்ணீர் என்பது இலக்கு. கொடையாளி நாடுகள் பகுதிகளைப் பங்குபோட்டுக்கொண்டு கட்டின. ஒவ்வொரு நாடும் தன் பம்பைக் கொண்டுவந்தது. ஒன்றின் உதிரிப் பொருள் மற்றொன்றுக்குப் பொருந்தாது. எண்ணெய் விலை ஏறியது, கடன் ஏறியது. 1980-களில் சர்வதேச நிதியம் சொன்ன செலவுக் குறைப்பில் மாவட்டப் பராமரிப்புப் பிரிவுகளுக்கு வண்டியும் டீசலும் இல்லாமல் போயின. ஐக்கிய நாடுகள் அவை 1981 முதல் 1990 வரை குடிநீருக்கான பத்தாண்டு என்று அறிவித்த அதே காலத்தில்தான் இது நடந்தது. கிணறுகள் பெருகின, பழுதுபார்ப்போர் குறைந்தனர்.

அந்த இடைவெளியை நிரப்ப வந்த கருத்துதான் கிராமமே பராமரிப்பது. கென்யக் கடற்கரையில் க்வாலே மாவட்டத்தில் 1980-களில் இதற்கென்றே ஒரு பம்பை வடிவமைத்தார்கள். ஆஃப்ரிடெவ் என்று பெயர். மலாவியில் தொடங்கிய ஒரு முயற்சியின் தொடர்ச்சி அது. ஒரே ஸ்பானரால் கழற்றலாம். உள்ளே பிளாஸ்டிக் குழாய், துருப் பிரச்சினை இல்லை. 45 மீட்டர் ஆழம்வரை இழுக்கும். க்வாலே பெண்கள் அதைக் கழற்றி வாஷர் மாற்றக் கற்றுக்கொண்டார்கள். எண்ணிப் பார்த்தால் மிக உயர்ந்த வேலை அது. தண்ணீர் சுமப்பவளின் கையிலேயே ஸ்பானரைக் கொடுத்தார்கள். அங்கிருந்து அந்த முறை கண்டம் முழுக்கப் பரவியது. ஆனால் பரவும்போது பயிற்சி சுருங்கி இரண்டு மூன்று நாளானது; உதிரிப் பொருள் கடை எங்கே என்ற கேள்வி மறைந்தது. விழாவில் கருவிப்பெட்டி கொடுக்கும் சடங்கு மட்டும் நிலைத்துவிட்டது.

லைபீரியா, சியரா லியோன், உகாண்டா ஆகிய மூன்று நாடுகளில் 25,000 பம்புகளின் தகவல்களை அலசி 2013-இல் வெளியான ஆய்வு, பம்பு நின்றுபோவதோடு தொடர்புள்ளவை எவை என்று பார்த்தது. பம்பின் வயது, மாவட்டத் தலைநகரிலிருந்து உள்ள தூரம், ஊரில் கட்டணம் வசூலிக்காதது ஆகியவை முன்னால் நின்றன. மூன்றும் ஒரே விஷயத்தின் முகங்கள்: மெக்கானிக்கும் உதிரிப் பொருளும் பணமும் வேண்டிய நேரத்தில் வந்துசேர்வதில்லை. ஊரார் பணம் தராதது சோம்பலால் அல்ல. மழைக்காலத்தில் ஓடையில் இலவசமாகத் தண்ணீர் இருக்கும்போது மாதக் கட்டணம் கேட்டால் யார் கொடுப்பார்கள்? முன்பு கொடுத்த பணம் பொருளாளர் வீட்டுச் செலவாகக் கரைந்ததைப் பார்த்தவர்கள் மறுபடி கொடுப்பார்களா? நைரோபியிலோ சென்னையிலோ அடுக்குமாடியில் குடியிருப்பவர் தன் தெருவின் குடிநீர்க் குழாயைத் தானே கழற்றிப் பழுதுபார்ப்பதில்லை. ஆனால் நாட்டிலேயே ஏழையானவரிடம், நகரத்துக்கு எட்டாத தொலைவில் இருப்பவரிடம், அதைச் செய்யக் கேட்கிறோம். கிராமமே பராமரிக்கட்டும் என்ற கொள்கை மக்களின் உரிமையிலிருந்து பிறந்தது உண்மை. ஆனால் அரசும் கொடையாளரும் தம் பொறுப்பைக் கழற்றி மாட்டும் ஆணியாகவும் அது ஆகிவிட்டது என்பது என் முடிவு.

புதுமையின் கவர்ச்சி இதை இன்னும் சிக்கலாக்கியது. 2006-இல் பிளேபம்ப் என்ற கருவி உலகத் தலைப்புச் செய்தியானது. பிள்ளைகள் ராட்டினம் சுற்ற, அந்தச் சுழற்சியில் தண்ணீர் மேலேறித் தொட்டியில் நிறையும். அன்றைய அமெரிக்க அதிபரின் மனைவி லாரா புஷ் அதற்கு 1 கோடியே 64 லட்சம் டாலர் வழங்கும் திட்டத்தை அறிவித்தார். 2010-க்குள் 4,000 பம்புகள் என்றார்கள். ஒன்றின் விலை ஏறத்தாழ 14,000 டாலர். சாதாரண அடிபம்பைவிடப் பல மடங்கு. சொன்ன அளவு மக்களுக்குத் தண்ணீர் தர வேண்டுமானால் பிள்ளைகள் நாளுக்கு 27 மணி நேரம் விளையாட வேண்டும் என்று கார்டியன் நாளிதழில் ஒருவர் கணக்குப் போட்டுக் காட்டினார். பிள்ளைகள் இல்லாத நேரத்தில் வயதான பெண்கள் குனிந்து அந்தச் சக்கரத்தைத் தள்ளினார்கள். சில ஊர்களில் ஓடிக்கொண்டிருந்த அடிபம்பைக் கழற்றிவிட்டு இதை வைத்தார்கள். திறப்பு விழாவில் அழகாகத் தெரியும் பொருளும் நாள்தோறும் பயன்படும் பொருளும் வேறு வேறாக இருக்கலாம் என்பதை அந்தப் பெண்களிடம் முன்பே கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

2023 நவம்பரில் மிஸ்டர் பீஸ்ட் என்ற யூடியூப் பிரபலம் கென்யா, உகாண்டா, சோமாலியா, கேமரூன், ஜிம்பாப்வே நாடுகளில் 100 கிணறுகள் போட்ட காணொளியை வெளியிட்டார். கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். கென்யாவில் பெரும் விவாதம் எழுந்தது. வரி வாங்கும் அரசு செய்யாததை ஓர் இளைஞர் செய்துகாட்டிவிட்டார் என்று பலர் தம் ஆட்சியாளர்களைக் கேட்டார்கள். ஆப்பிரிக்கா எப்போதும் கையேந்தி நிற்பதாகவே காட்டுகிறார்கள் என்று வேறு சிலர் வருந்தினார்கள். இரண்டு குரலிலும் உண்மை உண்டு. கென்யாவின் 2010 அரசியல் சட்டம் தண்ணீரைக் குடிமக்களின் உரிமை என்கிறது. பொறுப்பை மாவட்ட அரசுகளுக்குக் கொடுத்திருக்கிறது. ஆகவே வெளியார் கொடுக்கும் ஒவ்வொரு கிணறும் அந்த மாவட்டக் கணக்கேட்டில் ஏறி, பராமரிப்புப் பட்டியலில் சேர வேண்டும். சேராத கிணறு எவ்வளவு நல்ல மனத்தோடு கொடுத்ததானாலும் அனாதைதான்.

கல்வெட்டில் பெயர் பொறிப்பதையும் சொல்ல வேண்டும். இறந்த தாயின் பெயரில் கிணறு கொடுப்பது இஸ்லாத்தில் தொடர்ந்து நன்மை தரும் தர்மம். தண்ணீர் தருவது எல்லாச் சமயங்களிலும் பெருங்கொடை. எனவே பெயர் இருப்பதில் பிழையில்லை. அந்தப் பெயருக்குக் கீழே கிணற்றின் ஆழம், குழாயின் வகை, தோண்டிய மாதம், பழுதானால் அழைக்க வேண்டிய மெக்கானிக்கின் எண் ஆகியவையும் பொறித்திருந்தால் அந்தக் கல் ஊருக்கும் பயன்படும். தொடர்ந்து நன்மை தர வேண்டிய தர்மம் தொடர்ந்து தண்ணீரும் தர வேண்டும். கொடுத்தவரின் நம்பிக்கையே கேட்பது அதைத்தான்.

நல்ல வேலை நடக்கும் இடங்கள் இருக்கின்றன. கென்யாவின் கிடுயி மாவட்டத்தில் க்யூசோ என்ற வறண்ட பகுதியில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அடிபம்புகளின் கைப்பிடிக்குள் சிறிய கருவி ஒன்றைப் பொருத்தினார்கள். கைப்பிடியின் அசைவைக் கணக்கிட்டு அது செல்பேசிக் குறுஞ்செய்தி அனுப்பும். அசைவு நின்றால் மெக்கானிக்குக்குத் தெரிந்துவிடும். முன்பு ஒரு பம்பு பழுதானால் சராசரியாக 27 நாள் நின்றுகிடந்தது; அது மூன்று நாளுக்கும் குறைவானது. ஆராய்ச்சி முடிந்ததும் விட்டுவிடாமல் ஃபண்டிஃபிக்ஸ் என்ற உள்ளூர் நிறுவனம் உருவாகி, கிடுயியிலும் க்வாலேயிலும் ஊர்களோடு ஒப்பந்தம் போட்டு மாதக் கட்டணத்துக்குப் பம்புகளை ஓடவைக்கிறது. நாற்பதாண்டுக்கு முன் ஆஃப்ரிடெவ் பிறந்த அதே க்வாலே. உகாண்டாவில் வேவ், மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் வாட்டர் ஃபார் குட் ஆகியவையும் இதே வேலை செய்கின்றன. உள்நாட்டுப் போரால் சிதைந்த அந்தக் குடியரசில்கூட, மெக்கானிக்குகள் உதிரிப் பொருளோடு ஊர் ஊராகச் சுற்றிவந்து பழுதுபார்த்திருக்கிறார்கள். மற்ற இடங்களில் முடியாது என்பவர்கள் அங்கே போய்ப் பார்க்கலாம்.

இவற்றில் எதிலும் ஊரார் தரும் கட்டணம் மட்டும் செலவை ஈடுகட்டுவதில்லை. மிச்சத்தை அறக்கட்டளை நிதியோ அரசோ தர வேண்டியிருக்கிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பணக்கார நாடுகள் பலவற்றிலும் கிராமத்துக் குடிநீர் முழுக்கப் பயனாளர் காசில் ஓடியதில்லை. பம்பு ஓடிய நாள்களை அளந்து, அதற்கேற்பப் பழுதுபார்ப்பவருக்குப் பணம் தரும் முறை இப்போது வளர்ந்துவருகிறது. சூரிய மின்சக்தியால் நீரேற்றித் தெருக்குழாய் வழியே தரும் திட்டங்களும் பெருகுகின்றன. அவை பெண்களின் தோள்வலியை இன்னும் குறைக்கும். பழுதானால் அடிபம்பைவிடக் கூடுதல் தேர்ச்சி கேட்கும். ஆகையால் ஃபிட்டர் பிரச்சினை அங்கேயும் தீரவில்லை.

திறந்துவைக்கப் போகும் பயணம் வேண்டுமா என்றால், என் பதில் வேண்டும் என்பதே, நிபந்தனையோடு. சிறுவன் ரயன் அங்கோலோவில் கண்ட காட்சி அவன் வாழ்நாளையே ஒரு வேலைக்குக் கொடுக்க வைத்தது. மனிதர் மனிதரைப் பார்ப்பதில் அந்த வலு இருக்கிறது. ஆனால் கோடை உச்சத்தில் போக வேண்டும்; அப்போதுதான் கிணற்றின் உண்மை தெரியும். புதிய கிணற்றுக்குப் போகும் வழியில் ஐந்தாண்டு, பத்தாண்டு முன் திறந்த கிணறுகளிடம் வண்டியை நிறுத்த வேண்டும். பேச்சுகளைக் குறைத்து, தண்ணீர் சுமக்கும் பெண்களிடம் ஊர்த் தலைவர் அருகில் இல்லாதபோது பேச வேண்டும். பயணச் செலவையும் கணக்கில் கொள்ள வேண்டும். பத்துப் பேர் கண்டம் தாண்டி வந்து போகும் விமானச் செலவில் ஒரு மாவட்ட மெக்கானிக்கைப் பல ஆண்டுகள் வேலையில் வைத்திருக்கலாம்.

நம்மவர்களும் கொடுக்கிறார்கள். ரோட்டரி சங்கங்கள் வழியாக, ஆலயங்கள், ஜமாஅத்துகள் வழியாக, வெளிநாடுகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பிள்ளைகளின் பிறந்தநாளுக்கென்றும் ஆப்பிரிக்கக் கிணறுகளுக்குப் பணம் அனுப்புகிறார்கள். நிறுத்திவிடாதீர்கள். பணம் அனுப்புமுன் அந்த அமைப்பிடம், ஐந்தாண்டுக்கு முன் போட்ட கிணறுகளில் இன்று எத்தனை ஓடுகின்றன என்று கேளுங்கள். பதில் வைத்திருப்பவர்களுக்கே கொடுங்கள். குழாய் இரும்பா, துருப்பிடிக்காததா என்று கேளுங்கள். அதே மாவட்டத்தில் நின்றுபோன பழைய பம்புகள் இருந்தால், புதிது போடும் காசில் அவற்றுள் சிலவற்றை ஓடவைக்க முடியுமா என்று கேளுங்கள். முடியும் என்றால் உங்கள் கொடையை அதற்கே கொடுங்கள். அந்த ஊர்ப் பெண்களுக்குத் தேவை ஓடுகிற பம்பு.